திருகோணமலை வீட்டுச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பிள்ளைகள், கிளினிக்கில் "சாப்பாட்டைக் கவனியுங்கோ" என்று கேட்டுவிட்டு வந்த பெரியவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்ச் சுவையைத் தேடும் உறவுகள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. அளவுகள் நாலு பேருக்கு. சுண்டு என்று சொல்லும் இடத்தில் ரின்பால் பேணியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தாகச் சாப்பிட என்னென்ன வாங்க வேண்டும்?

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஓட்ஸ், சத்துமா, வெளிநாட்டு விதைகள் என்று காசைக் கொட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. நம் ஊரில் தம்பலகாமத்துச் சிவப்பரிசி இருக்கிறது, கரைவலை மீன் இருக்கிறது, வேலியில் முருங்கை நிற்கிறது, மூதூர்த் தயிர் வருகிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு தட்டில் சோற்றை மலைபோலக் குவித்து, ஓரத்தில் ஒரு துண்டு மீனும் இரண்டு கரண்டி குழம்பும் ஊற்றிச் சாப்பிடுவதுதான் பிழை.

தட்டை மனதுக்குள் நாலாகப் பிரியுங்கள். இரண்டு பங்கு மரக்கறியும் கீரையும், ஒரு பங்கு மீனோ முட்டையோ பருப்போ, மிச்ச ஒரு பங்குதான் சோறு. முதல் கிழமை வயிறு நிறையாததுபோல இருக்கும், அப்புறம் பழகிவிடும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள்.

அரிசியில் தவிடு எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு நார்ச்சத்தும் பி வகை விற்றமின்களும் மிஞ்சும். முழுக்கத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை விடப் புழுங்கலரிசி நல்லது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் விற்றமின் பி1 இல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. சோறு வடித்த கஞ்சியை ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டுக் குடிக்கலாம்.

மீன் புதியதா பழசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண், பூ, வயிறு மூன்றையும் பாருங்கள். கண் பளிச்சென்று வெளியே தள்ளி நிற்க வேண்டும். செவுளைத் தூக்கினால் பூ இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். மண்ணிறமாகவோ சாம்பல் பூத்தோ இருந்தால் வேண்டாம். வயிற்றை விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் மீள வேண்டும். புது மீனில் கடல் மணம்தான் வரும், மீன் நாற்றம் வராது.

சூரை, கும்பளா, சூடை வாங்கும்போது இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். இவை வெயிலில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலையிடிக்கும், நெஞ்சு படபடக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்போம். உண்மையில் மீன் ஐஸ் இல்லாமல் கிடந்ததுதான் காரணம். ஒருதரம் உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. வாயில் வைத்ததும் மிளகுபோலச் சுரீரென்று காரினால் துப்பிவிடுங்கள். மீன் வாங்கக் கடற்கரை வாடிக்குப் போகிறவர்கள் பையில் ஒரு போத்தல் உறைந்த தண்ணீர் கொண்டுபோனால் வீடு வரும்வரை மீன் குளிர்ந்திருக்கும்.

விலையைப் பார்த்துச் சத்தை அளக்காதீர்கள். அறக்குளா விலை கூடிய மீன், ருசியும் அப்படித்தான். ஆனால் முள்ளோடு மென்று சாப்பிடக்கூடிய நெத்தலியிலும் சூடையிலும் கிடைக்கும் கல்சியம் அறக்குளாத் துண்டில் கிடைக்காது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் ஒமேகா 3 கொழுப்பும் சூடை, கும்பளா போன்ற மீன்களில் நிறைய உண்டு.

மீன் குழம்பு எங்கள் அம்மம்மா வைத்ததுபோல வருவதில்லையே, ஏன்?

அநேகமாக அவசரம்தான் காரணம். புளியும் தூளும் ஒன்றாகக் கொதித்து, பச்சை மணம் முழுதாகப் போகும்வரை மீனைப் போடக் கூடாது.

அரைக் கிலோ பாரை அல்லது விளைமீன். மண்சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஆறேழு பல் உள்ளி, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். வெந்தயம் கருகினால் குழம்பு முழுவதும் கைக்கும், அதனால் நெருப்பு அடக்கமாக இருக்கட்டும். தேசிக்காய் அளவு பழப்புளியைக் கரைத்து ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி கறித்தூள், உப்பு, ஒரு கோப்பை கப்பிப்பால் (முதற்பால் எடுத்த தேங்காய்ப்பூவில் திரும்பத் தண்ணீர் விட்டுப் பிழிந்த தண்ணிப்பால்) விட்டு மூடாமல் கொதிக்க விடுங்கள். பத்து நிமிடமாவது கொதிக்க வேண்டும். குழம்பு சுருங்கி, சட்டி ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசியத் தொடங்கும். அதுதான் பதம்.

இப்போது மீனைப் போடுங்கள். போட்ட பிறகு அகப்பை வைக்காதீர்கள். பிடிதுணியால் சட்டியின் இரு காதையும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும், துண்டு உடையாமல் குழம்பு மேலேறும். ஏழெட்டு நிமிடத்தில் மீன் வெந்துவிடும். கடைசியாகக் கால் கோப்பை முதற்பால், ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தால் புளி மீனுக்குள் இறங்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் மண்சட்டி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். அடி தடித்த பாத்திரம் போதும். ஆனால் புளி விடும் கறியை அலுமினியச் சட்டியில் வைக்காதீர்கள், புளிப்பு அலுமினியத்தைக் கரைக்கும்.

கறித்தூள் வீட்டில் இடிப்பது அவ்வளவு அவசியமா?

அவசியம் என்று அடித்துச் சொல்வேன். குழம்பின் பாதி அதில்தான் இருக்கிறது. அரைக் கிலோ செத்தல் மிளகாய், அரைக் கிலோ மல்லி, 100 கிராம் பெருஞ்சீரகம், 50 கிராம் நற்சீரகம், 50 கிராம் மிளகு, 25 கிராம் வெந்தயம், 25 கிராம் மஞ்சள், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஏனென்றால் மிளகாய் கருகும் நேரத்தில் மல்லி அரை வறுவல்தான். முழுக்க ஆறிய பிறகு ஆலையில் கொடுங்கள். திரித்து வந்ததும் தாளில் பரப்பிச் சூடு போக விட்டுத்தான் போத்தலில் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிறம் மாறிய, பூஞ்சணம் மணக்கும் மிளகாயை வெயிலில் காயவைத்துச் சேர்க்க வேண்டாம். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பிள்ளைகளும் வயிற்றெரிவு உள்ளவர்களும் இருக்கும் வீட்டில் மிளகாயைக் குறைத்து மல்லியைக் கூட்டி ஒரு தனித் தூள் வைத்திருங்கள்.

சொதி ஒவ்வொரு முறையும் திரைந்து போகிறது.

தேசிக்காய்ப் புளியை அடுப்பில் இருக்கும்போதே விடுகிறீர்கள். சூடும் புளியும் சேர்ந்தால் பால் திரையும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் கப்பிப்பாலில் அவியவிடுங்கள். மீன் தலையோ சின்ன மீனோ போடுவதென்றால் இப்போது. பிறகு நெருப்பைக் குறைத்து முதற்பாலை ஊற்றி, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நில்லுங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள், கொதிக்க விடக் கூடாது. கை பொறுக்கும் சூடு வந்த பிறகுதான் தேசிக்காய்.

பிட்டு கட்டிபடுகிறது அல்லது கல்லுப்போல வருகிறது. எங்கே பிழை?

தண்ணீரில். பிட்டுக்குக் கொதிதண்ணீர் வேண்டாம். கொதித்து இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்ட தண்ணீர்தான் சரி. இடியப்பத்துக்குத்தான் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும். பலர் இரண்டையும் மாற்றிவிடுகிறார்கள்.

இரண்டு சுண்டு வறுத்த சிவப்பரிசி மாவை அகலச் சட்டியில் போட்டு உப்புச் சேருங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளறுங்கள். மொத்தத் தண்ணீரையும் ஒரே முறையில் விட்டால் அப்போதே தோற்றுவிட்டீர்கள். மா ஈரம் பிடித்துச் சின்னச் சின்ன உருண்டையாகத் திரளும். அப்புறம் சுண்டின் வாயால் மாவைக் கொத்த வேண்டும். டக் டக் என்று சட்டியைச் சுற்றிக் கொத்திக்கொண்டே வந்தால் பெரிய உருண்டைகள் உடைந்து குருணல்போல ஆகும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் ஒரு தெளி தண்ணீர். உதிராவிட்டால் ஒரு கை உலர் மா.

தேங்காய்ப்பூவை அவிக்கும் நேரத்தில் சேருங்கள். நீத்துப்பெட்டியில் (பிட்டு அவிக்கும் ஓலைப் பெட்டி) இறுக்கி அடைக்காமல் தளரப் போட்டு, ஆவி நன்றாக மேலே வந்தபிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம். நீத்துப்பெட்டியில் அவித்தால் வரும் பனையோலை மணம் குழலில் கிடைக்காது. பாவித்த பிறகு கழுவி வெயிலில் காயப்போட மறக்காதீர்கள், ஓலை ஈரத்தில் கறுத்துவிடும்.

தனி அரிசிமா கைக்கு வராதவர்கள் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அவித்த கோதுமைமா சேர்க்கலாம். கை பழகியதும் விட்டுவிடுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் பிட்டு, இடியப்பம் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், அளவோடு. "சோற்றை விட்டுவிட்டேன், இரவில் இடியப்பம்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு பதினைந்து இடியப்பம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இடியப்பமும் அரிசிதான். மாவாக அரைத்ததால் இன்னும் வேகமாகச் செரித்துச் சீனியை ஏற்றும்.

நாலைந்து சிவப்பு இடியப்பம், கூடவே ஒரு முட்டை அல்லது மீன், பருப்பு, நிறைய வறை. முதலில் வறையையும் மீனையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு இடியப்பத்தைத் தொடுங்கள், சீனி மெதுவாக ஏறும். பிட்டுக்கு வாழைப்பழமும் சீனியும் சேர்த்துப் பிசைவது உங்களுக்கு இனி இல்லை.

குரக்கன் பற்றியும் கேட்கிறார்கள். குரக்கன் நல்ல தானியம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதுவும் மாச்சத்துத்தான். குரக்கன் பிட்டு என்பதால் இரண்டு மடங்கு சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சீனி இறங்கி மயக்கம் வரும். கிளினிக்கில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கீரையைப் பிள்ளைகள் தொடுவதே இல்லை.

வறையாகச் செய்து பாருங்கள். முருங்கையிலையோ பொன்னாங்காணியோ முதலில் கழுவி, தண்ணீர் வடிந்தபிறகு பொடியாக அரியுங்கள். அரிந்த பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். சட்டியில் வெங்காயம், ஒரு செத்தல் மிளகாய் வதக்கி, கீரையைப் போட்டு மூடாமல் மூன்று நாலு நிமிடம். பச்சை நிறம் இருக்கும்போதே தேங்காய்ப்பூவும் உப்பும் மஞ்சளும் பிரட்டி இறக்குங்கள். கீரையின் நிறத்தில் இருக்கும் கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், அந்த வேலையைத் தேங்காய்ப்பூ செய்துவிடும். இறக்கியதும் தேசிக்காய் பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும்.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கம்தான் நம் வீடுகளில் பெரிய கெடுதல். தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு இதை நான் கெஞ்சியே கேட்பேன்.

வல்லாரைச் சம்பல்போலப் பச்சையாகச் சாப்பிடும் கீரை என்றால் ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவ வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கியதைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள்.

காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வேகமாக என்ன கொடுக்கலாம்?

இலைக்கஞ்சி. ஒரு கைப்பிடி சிவப்பரிசியை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். காலையில் உள்ளி இரண்டு பல்லோடு குழைய அவித்து, வல்லாரை, முருங்கையிலை, முசுட்டை இவற்றில் கிடைத்ததை அரைத்துப் பிழிந்த சாறும் தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். ஒரு சின்னத் துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கக் கொடுத்தால் முகம் சுளிக்க மாட்டார்கள். நேரமில்லாத நாளில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும்.

கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா கிடைக்கும் வீடுகளில் அதை யாருக்குக் கொடுத்தார்களோ அவர்கள்தான் சாப்பிட வேண்டும். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்தால் வீட்டில் எல்லோரும் கைவைப்பார்கள், கர்ப்பிணித் தாய்க்கு மிஞ்சாது.

வெள்ளிக்கிழமை, கோவில் திருவிழாக் காலங்களில் மரக்கறிதான். புரதம் போதுமா?

போதும், பருப்பு இருந்தால். சமைக்காத மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. சோற்றில் குறைவான லைசீன் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவானது சோற்றில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் முழுமையாகும். கத்திரிக்காய்ப் பால்கறியும் அப்பளமும் மட்டும் வைத்து வெள்ளிக்கிழமையைத் தள்ளாதீர்கள். கௌபி, கடலை, பயறு, சோயா இவற்றில் ஒன்றாவது இலையில் இருக்கட்டும். புளியோ தக்காளியோ சேர்ப்பதென்றால் பருப்பு மசிந்த பிறகு சேருங்கள், முதலே விட்டால் எவ்வளவு நேரம் அவித்தாலும் மசியாது.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எப்படிச் செய்வது?

சுறாவை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலையும் முள்ளையும் நீக்கி, தண்ணீரைப் பிழிந்து உதிர்த்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், நிறைய உள்ளி, கறிவேப்பிலை வதக்கி, உதிர்த்த மீனையும் தேங்காய்ப்பூவையும் மிளகு சீரகத் தூளையும் போட்டுப் பிரட்டினால் வறை. பச்சை மிளகாய் வேண்டாம்.

ஒன்றைத் திறந்தே சொல்கிறேன். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன். பெரிய சுறாவின் சதையில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், அது குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆகாது. கர்ப்பிணிகள் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. பால் கொடுக்கும் தாய்மாருக்கு எப்போதாவது ஒருநாள் சின்னச் சுறா போதும், தினமும் வேண்டாம். அதே வறையைச் சூடையிலோ நெத்தலியிலோ விளைமீனிலோ செய்யலாம். பால் ஊற வைப்பது பிள்ளை அடிக்கடி குடிப்பதும் தாய் வயிறாரச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிப்பதும்தான்.

பத்தியத்துக்குச் சரக்குக் கறிதான் என் தேர்வு. மல்லி இரண்டு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, நற்சீரகம் ஒரு தேக்கரண்டி, ஒரு துண்டு மஞ்சள், சின்னத் துண்டு வேர்க்கொம்பு (சுக்கு), இவற்றை அம்மியில் பட்டுப்போல அரையுங்கள். சின்ன மீன் அல்லது முருங்கைக்காய், ஒரு முழு உள்ளி, கொஞ்சம் பழப்புளி சேர்த்து அரைத்த சரக்கைக் கரைத்துவிட்டுக் கொதிக்க வையுங்கள். இறக்கும்போது ஒரு கரண்டி நல்லெண்ணெய். சூட்டோடு குத்தரிசிச் சோற்றில் ஊற்றினால் வீட்டில் மற்றவர்களும் தட்டை நீட்டுவார்கள்.

சில வீடுகளில் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் மரக்கறியையும் பழத்தையும் மறித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் கல்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்க வேண்டாம் என்பதும் ஞாபகமிருக்கட்டும், ஒன்று மற்றதைத் தடுக்கும்.

மாரிக் கடலில் மீன் இல்லை, விலை வானத்தில். கருவாடு பரவாயில்லையா?

வாடைக்காற்று தொடங்கினால் ஐப்பசி முதல் தை வரை இந்தக் கடல் அப்படித்தான். கருவாட்டில் புரதம் நிறைய, உப்பும் நிறைய. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது ஒரு மட்டத் தேக்கரண்டி. அதனால் கருவாட்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொருமுறை கழுவுங்கள். கத்திரிக்காயும் வாழைக்காயும் கூடப் போட்டு, உப்பே போடாமல் குழம்பு வையுங்கள். கொதித்த பிறகு ருசி பார்த்துத் தேவையென்றால் ஒரு சிட்டிகை. பிரஷர் உள்ளவர்கள் குழம்பையும் மரக்கறியையும் எடுத்துக்கொண்டு கருவாட்டுத் துண்டை மற்றவருக்குத் தள்ளிவிடுவது நல்லது.

மழைக்காலத்தில் முட்டையும் கிண்ணியாப் பக்கத்து மட்டியும் கிடைத்தால் வாங்குங்கள். மட்டியை உப்புத் தண்ணீரில் போட்டு மண் கக்கவிட்டு அவிக்க வேண்டும், அவித்த பிறகும் வாய் திறக்காததை எறிந்துவிடுங்கள்.

நண்டுக் குழம்பில் முருங்கையிலை எப்போது போடுவது?

இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால், ஒரு கைப்பிடி. அதற்கு முன் போட்டால் கைக்கும்.

மரவள்ளிக்கிழங்கு நஞ்சு என்கிறார்களே?

பச்சைக் கிழங்கில் சயனைட் உண்டாக்கும் பொருள் இருக்கிறது, கைப்புக் கிழங்கில் கூடுதல். தடித்த தோலை உள்தோலோடு சேர்த்து உரித்து, துண்டாக்கித் தண்ணீரில் ஊறவிட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். நீலம் பாய்ந்த, கைக்கிற கிழங்கைத் தொடவே வேண்டாம். கிண்டிய அன்றே சமைப்பதுதான் நல்லது. அவித்த கிழங்கும் கட்டச்சம்பலும் மாத்திரம் வைத்து இரவுச் சாப்பாட்டை முடிக்காமல், கூட ஒரு மீன் துண்டோ முட்டையோ வையுங்கள். கிழங்கில் புரதம் மிகக் குறைவு.

தேங்காய்ப்பால் கொலஸ்ட்ரோலைக் கூட்டுமா?

தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை. ஆனால் தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். தேங்காயை விட்டால் நம் சமையலே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு சாப்பாட்டில் ஒரு பால்கறி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொதி இருந்தால் மற்றது பிரட்டலாகவோ வறையாகவோ இருக்கட்டும். முதற்பாலின் அளவைப் பாதியாக்கினாலும் கப்பிப்பாலில் ருசி வரும். பொரித்த எண்ணெயை மூன்று நாலு முறை திரும்பக் காய்ச்சுவது இதைவிட மோசம்.

பழஞ்சோறு நல்லதா?

நல்லது, சுத்தமாகச் செய்தால். சோற்றை மத்தியானத்திலிருந்து சட்டியில் அப்படியே கிடக்கவிட்டு இரவில் தண்ணீர் ஊற்றுவது சரியில்லை. வெக்கையான நம் ஊரில் அந்த இடைவெளியில் சோற்றில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு சூடாக்கினாலும் போகாது. இரவுச் சோறு ஆறிய கையோடு, கொதித்தாறிய தண்ணீரை முழுக்க மூடும்படி ஊற்றி வையுங்கள். காலையில் இலேசான புளிப்பு மணம் வர வேண்டும். வழுவழுத்தாலோ வேறு மணம் வந்தாலோ கோழிக்கும் போட வேண்டாம். மூதூர் எருமைத் தயிர், நிலாவெளிச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, இவ்வளவும் போட்டுக் கரைத்துக் குடித்தால் கச்சான் காற்று வெயிலுக்கு வேறொன்றும் தேவையில்லை. எருமைப் பாலில் கொழுப்பு 7 சதவீதமளவு இருக்கிறது, உடம்பைக் குறைக்க நினைப்பவர்கள் தயிரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள்.

காஸ் எப்படி மிச்சம் பிடிப்பது?

2022 இல் காஸ் இல்லாமல் பட்டபாடு யாருக்கும் மறக்காது. பருப்பு, கடலை, கௌபி எல்லாவற்றையும் ஊறவையுங்கள். கௌபியை இரவு ஊறப்போட்டால் அவியும் நேரம் பாதிக்கு இறங்கும். கீரை, மரவள்ளிக்கிழங்கு என்று மூடாமல் வைக்கச் சொன்னவற்றைத் தவிர மற்றதை மூடி அவியுங்கள். கொதி வந்ததும் நெருப்பைக் குறையுங்கள், பொங்கிக் கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் தண்ணீரின் சூடு ஒன்றுதான். சோறு முக்கால் பதம் வெந்ததும் இறக்கி, மூடி, தடித்த துணியால் சுற்றி வைத்தால் மிச்சம் தானாக அவியும்.

உப்பைக் கறி தொடங்கும்போதே போடுவதா?

அயடீன் உப்பு என்றால் கடைசியில். சூடும் ஈரமும் அயடீனைக் குறைக்கும். போத்தலை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள்.

பாதித் தேங்காய் மிஞ்சினால்?

கண்ணில்லாத பாதியை மிச்சம் வையுங்கள், கண்ணுள்ள பாதியை முதலில் துருவுங்கள், அதுதான் முதலில் பழுதாகும் என்பது நம் பெரியவர்கள் கணக்கு. வெட்டிய முகத்தில் உப்புத் தடவிக் கவிழ்த்து வைத்தால் அடுத்த நாள் வரை நிற்கும். பிழிந்த பாலை மட்டும் வைக்க வேண்டாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் காலையில் பிழிந்த பால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், அன்றன்றைக்குத் தேவையான அளவுக்கே துருவுங்கள்.